பத்து மடங்கு, இன்னும் பத்து

இரவு இரண்டே முக்காலுக்கு
ஐந்தாம் வார்ட்டிலிருந்து இரண்டு குழாய்கள்.
நிஸ்தார், முப்பத்தொன்று, கிண்ணியா.
சப்ரான், இருபத்துநான்கு, அதே முகவரி.
வெளிச்சவீட்டுக்கு அப்பால் எஞ்சின் நின்றுவிட்டதாம்.
பதினொரு மணித்தியாலம் தண்டு வலித்தார்களாம்.
“மாறி மாறித்தான் வலிச்ச நாங்க” என்றார்களாம்,
துண்டைக் கொண்டுவந்த சிற்றூழியர் சொன்னார்.
நிஸ்தாருக்கு மூத்திரம்
பால் விடாத தேத்தண்ணி நிறம்.

சுழற்றினேன். மேலே தெளிந்து வந்தது
வைக்கோல் நிற நீர்.
அதற்குள் இவ்வளவு இருக்கக் கூடாத ஒன்று:
கிரியேற்றின் கைனேஸ்.

தசைக்குள் இருக்கும்வரை
அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.
ஒரு பக்கம் பொஸ்பேற்றை வாங்கி
மறு பக்கம் களைத்து நிற்பதற்குக் கொடுக்கும்,
இன்னொரு இழுவைக்கு,
அதற்கும் பிறகு இன்னொன்றுக்கு.
தனக்கென்று ஒன்றும் பிடித்து வைக்காது.
விநாடிக்கு எத்தனை தடவை என்று படித்தேன்,
மறந்துவிட்டேன்.
தசை கிழிந்தால்தான்
வீடு இடிந்தவர்போலத் தெருவுக்கு வரும்.
அப்போதுதான் நாங்கள் பெயர் எழுதுகிறோம்.

வெளியே மதிலோரம்
மான் ஒன்று பொலித்தீன் பையைக் கிளறுகிறது.
இந்த ஊரில் அதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடலும் தண்டும் இல்லாத
பிளாஸ்ரிக் குழிக்குள்ளும் அது வேலை செய்கிறது.
அது கொடுத்ததை வேறொன்று வாங்கிக்
குளுக்கோசுக்குக் கொடுக்க,
அங்கிருந்து மூன்றாவது ஒன்று தொடர,
ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளி
மெல்ல மெல்ல விழுங்கப்படுவதை
மெசின் எண்ணுகிறது.

நிஸ்தார்: அளவு கடந்தது.
பத்து மடங்கு நீர்த்தேன். கடந்தது.
இன்னும் பத்து.
அறுபத்தோராயிரத்து நானூறு.

சப்ரான்: நூற்று நாற்பத்தெட்டு.
கதிரையில் இருந்து பத்திரிகை வாசித்தவனின் கணக்கு.

குழாய் மாறிவிட்டதோ என்று
லேபலைப் பார்த்தேன். மாறவில்லை.
மறுபடி ஓட்டினேன். நூற்று நாற்பத்தாறு.

வார்ட்டுக்குப் போன் எடுத்தேன்.
முதல் எண்ணைக் கேட்டதும் டொக்டர் ஷாமினி
“சேலைனைக் கூட்டுங்கோ” என்று யாருக்கோ கத்தினார்.
இரண்டாவதைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் வறண்ட தொண்டை ஒன்று
யாரும் கேளாமலே சொல்லிக்கொண்டிருந்தது:
“மாறி மாறித்தான், டொக்டர்.
அவன்தான் கூட வலிச்ச.”

அறிக்கையின் அடியில்
குறிப்பு என்று ஒரு பெட்டி உண்டு.
வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்தேன்.