விதைப்பூண்டு

பிறந்ததைவிட நூறு கிராம் குறைவு என்பதை
வேலப்பனை வாசலுக்கு அழைத்துத்தான் சொன்னாள்
பெர்னதெத் நர்ஸ்.
பூம்பாறையில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு.
எனக்கும் கேட்டது.
என் மார்புக்கும் கேட்டிருக்கும்போல,
அன்றிரவு இன்னும் இறுகிக்கொண்டது.

மறுநாள் முதல் வண்டியில் முருங்கைக்கீரை வந்தது.
இங்கே நட்டால் தை உறைபனியில் கருகிவிடும் மரம்.
வத்தலக்குண்டில் ஏறி
என்ஜின் மேல் உட்கார்ந்து
பாதி வாடி, டீசல் மணத்தோடு இறங்கியது.
காசு வாங்கவில்லை கண்டக்டர்.
"எங்க வீட்ல மூணாவதுக்கு இப்படித்தான் ஆச்சு" என்று
பஸ்ஸே கேட்கச் சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

ஞாயிற்றுச் சந்தையில் பால்சுறா.
தோலை வெந்நீர் ஊற்றிச் சுரண்டவேண்டும் என்று தெரியாமல்
அப்படியே புட்டாக்கிவிட்டான்.
கடலைப் பார்த்திராத நான்
மூன்று பிடி கடற்கரையை மென்றேன்.

வெந்தயக் கஞ்சி. கருப்பட்டி.
பப்பாளிக்காய்க் கூட்டு, உப்பில்லாமல்.
நான் தின்று முடித்ததும்
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
சற்றுக் கீழே பார்த்தார்கள்,
அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல்.

பூண்டுதான் இல்லை.
இரண்டு ஏக்கர் பூண்டுக்காரன் வீட்டில்.
எல்லாம் வடுகபட்டிக்கு இறங்கி
ஆஸ்பத்திரி ரசீதாகிவிட்டது.
மிச்சம், அடுப்புக்கு மேலே
புகையில் கருத்துத் தொங்கும் விதைக்கட்டு.
அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.
அரிவாள்மனைச் சத்தம் கேட்டபோது
தூங்குவதுபோல் கிடந்தேன்.

பாலில் வேகவைத்துத் தந்தான்.
எண்ணிக்கொண்டே விழுங்கினேன்.
ஒரு பல், ஒரு செடி.
முதல் நாள் பதினேழு செடி.
நான்காம் நாள்
மேல்தட்டில் ஒரு வரிசை முழுதும்
என் வயிற்றில் இருந்தது.

வேலித் தகராறில் இரண்டு வருஷமாய்ப் பேசாத ஆரோக்கியமேரி
அந்தப் பக்கம் நின்று
தன் கோழியிடம் சொன்னாள்:
"பூண்டு தின்னா பால் நாறும். புள்ள வாயே வைக்காது."

நர்ஸிடம் கேட்டேன்.
"தின்னு, நல்லதுதான்.
ஆனா சட்டியில இருந்து பால் வராது.
ரெண்டு மணிக்கு ஒருக்கா புள்ளயப் போடு.
மத்த நேரம் தூங்கு. அவன் முழிக்கட்டும்."

எதனால் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.
கீரையா, கடலா, செடிகளா,
அவன் தோளில் அவள் அழுதுகொண்டிருக்க
நான் தூங்கிய அந்த ரெண்டு மணி நேரமா.
விழித்தபோது ரவிக்கை நனைந்து குளிர்ந்திருந்தது.
ஒழுகும் கூரையோ என்று முதலில் மேலே பார்த்தேன்.
அவள் குடித்தாள். விடவேயில்லை.
பிறகு ஓர் ஏப்பம்:
சுத்தமான மலைப்பூண்டு.

சித்திரையில் நட்டபோது
மேல்தட்டுக்கு விதை போதவில்லை.
பீன்ஸ் போட்டான்.
"இந்தத் தட்டுப் பூண்டு எங்க போச்சாம்?" என்று
வேலிக்கு அப்பால் கோழியிடம் கேள்வி.

மகளைத் தூக்கிக் காட்டினேன்.
ஐந்து கிலோ இருநூறு.