விலை சொன்ன பிறகு

முதல் நாள் என் கணக்கில் முப்பத்தொரு 'வந்து'.
மூன்றே நிமிடப் பேச்சு.
எண்ணியவள் ரெஜினா, கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுபவள்.
ஒவ்வொரு 'வந்து'வுக்கும் மணியடித்தாள்,
ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருக்குமே, அந்த மணி.
உட்லண்ட்ஸ் சமூக மன்றம், நான்காவது மாடி.
பக்கத்து அறையில் யாரோ சும்பா ஆடிக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் தாளத்துக்கு என் தடுமாற்றம்
ஏறக்குறையப் பொருந்தியது.

"எங்கிருந்துதான் இத்தனை முறை வந்தீர்கள்?"
என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
திரும்பும் ரயிலில் பதில் சொன்னேன், எனக்குள்:
மன்னார்குடியிலிருந்து வந்து,
காக்கி புக்கிட்டில் பாதிக் கிடங்கு பிடித்து வந்து,
கணவர் தொடங்கிய கரையான் ஒழிப்புக் கம்பெனிக்கு
அவருக்குப் பேச்சு வராது என்பதால்
பேச வந்து...
முப்பத்தொன்று அதிகமில்லை.

என் பெயர் அங்கயற்கண்ணி.
அட்டையில் 'அங்கா' என்று அச்சடித்திருந்தேன்.
நீளமான பெயருக்கு ஒப்பந்தம் கிடைக்காது என்று
யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தேன்.
ரெஜினா மடித்துக் கொடுத்த தாளில் ஒரே வரி:
'பெயரைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்க்கிறீர்கள்.'

வேனில் பழகினேன்.
பின்னால் மருந்து டிரம்கள் முட்டிக்கொள்ள,
விரைவுச்சாலை நெரிசலுக்கு அறிவித்தேன்:
"அன்பர்களே, கரையான் விடுமுறை எடுப்பதில்லை!"
பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
குரல் ஒருவழியாகப் படிந்தது.
கைகள்தான் படியவில்லை.
ஸ்டியரிங் இல்லாத இடத்தில்
இவை யாருடைய கைகள் என்றே தெரியவில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்.
தானா மேராவில் ஒரு கொண்டோ, நிர்வாகக் குழுவில் ஐந்து பேர்.
என்னிடம் இருபத்துநான்கு ஸ்லைடுகள்.
புரொஜெக்டர் நீலமாகவே விழித்துக்கொண்டிருந்தது.
தலைவர் குவெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஹஸ்லிண்டா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார், மெதுவாக,
அதுதான் அறையில் பெரிய சத்தம்.
தொண்டைவரை ஒரு 'வ' ஏறியது.
விழுங்கினேன்.
எழுந்துபோய்
கோப்பை அலமாரிக்கு அருகே மரச்சுவரைத் தட்டினேன்.
டக். டக். டக்.
ஓரடி தள்ளி
டொப்.

பிஸ்கட் பாதியில் நின்றது.
"இங்கிருந்து" என்றேன், எட்டு அடி நடந்து,
"இதுவரை."
கைகளுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது.

"எவ்வளவு ஆகும்?"
"பதினெட்டாயிரத்து நானூறு."

இந்த இடத்தில்தான் எப்போதும்
என் நாக்கு செருப்பில்லாமல் ஓடிவரும்:
குறைத்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம், உங்களுக்காக...
இத்தனை வருடம் என் வாய்
எதிர்க் கம்பெனிக்கு விற்பனையாளராக இருந்திருக்கிறது.
அன்று அதற்கு விடுப்பு கொடுத்தேன்.
ஏர்கான் மட்டும் பேசியது.
கீழே நீச்சல் குளத்தில் ஒரு குழந்தை குதித்தது.
குவெக் பேனாவைத் திருகினார், மூடினார், திருகினார்.
பதினொரு விநாடி. எண்ணினேன்.
ஒரு மணியும் அடிக்கவில்லை.

"மின்னஞ்சலில் அனுப்புங்கள், மிஸ் அங்கா."
"அங்கயற்கண்ணி" என்றேன், அவர் கண்ணைப் பார்த்து.
"அங்... கயர்..." நின்றுவிட்டார்.
"மெதுவாக" என்றேன். "அவசரமில்லை."

மூன்று வாரம் கழித்து 'பி' பிளாக் மட்டும் வந்தது,
அதுவும் பத்து விழுக்காடு தள்ளுபடியோடு.
மின்னஞ்சலில் கேட்டார்களாம்.
வாயே திறக்காமல்
கொடுத்துவிட்டிருந்தார் என் கணவர்.

இதையெல்லாம் அடுத்த வியாழன் மன்றத்தில் சொன்னேன்.
ரெஜினா நான்கு முறை மணியடித்தாள்.
"அதில் ஒன்று நிஜமாகவே வந்த 'வந்து',
'பி பிளாக் வந்து சேர்ந்தது' என்றேனே!"
என்று வாதாடினேன்.
அவள் தலையை நிமிர்த்தவில்லை.
நான்கு என்றே எழுதினாள்.