திரும்பிய எழுத்து

பழைய காகிதக் கிடங்குதான் என் வகுப்பறை.
ஒரு மேசை, மணல் கடிகாரம்,
யாரும் தேடி வராத ஒற்றைக் கையுறை.

உலான்பாத்தரில் இன்று மைனஸ் இருபத்தெட்டு;
கரிப்புகையால் மைதானம் மூடல்.
பத்தேகாலுக்கு வருகிற தெல்மென்
நேரே மேசைக்கடியில் போகிறான்.
நானும் தவழ்கிறேன்.
என் முழங்கால் சொடக்குப் போட, சிரிக்கிறான்.

'ஆர்' எழுதச் சொன்னால்
காலை இடப்பக்கம் நீட்டிவிடுகிறான்.
பதினோரு வாரமாகப் படிவத்தில் குறிக்கிறேன்:
எழுத்தைத் திருப்பிப் போடுகிறான்.

குப்பைக்கூடை எடுக்க வந்த துல்மா
குனிந்து பார்த்து, "யா" என்றார்.
அவர்கள் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்தாம்.

அதைத்தான் எழுதினானா?
தெரியவில்லை.
படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

தெல்மென் பென்சிலை என்னிடம் நீட்டினான்.
எழுதிக் காட்டினேன்.

கோணல், என்றான்.
இன்னொரு தடவை.