மாதிரி எண் பதினான்கு

கதவு திறந்ததும் முதலில் மூக்கைத்தான் நுழைத்தேன்,
தொழில் பழக்கம்.
ஈரம். சுண்ணாம்பு. எலி.
நான் தேடி வந்தவற்றுக்கு வாசனை கிடையாது.

சோச்சா ஆற்றங்கரையில்
பன்னிரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த தொடக்கப்பள்ளி.
படகு விட வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு
முப்பது கட்டில் போட்டு
விடுதியாக்கப் போகிறார்கள் கொராஸ்தும் அலெங்காவும்.
கடன் கையெழுத்தாகிவிட்டது.
தச்சன் திங்கட்கிழமை வருகிறான்.
"சும்மா ஒரு சம்பிரதாயம்தானே, மேடம்?"
ஆமாம் என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
காலணிக்கு உறை மாட்டினேன்.

சாம்பல் நிறத் தகடு
இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் புதிதில்லை.
கூரையில்,
கோழிக்கூண்டில்,
தக்காளிப் பாத்திக்கு வேலியாய்.
ஆலைச் சங்கு ஊதிய நாளில்
வீட்டுக்கொரு சம்பளம்,
பிறகு வீட்டுக்கொரு இருமல்.
இப்போது அந்தப் பேச்சு எழுந்தால்
மழை வருமா என்று கேட்டுவிடுவார்கள்.

தண்ணீர் தெளி,
காசளவு வெட்டு,
பையில் போடு,
எண் எழுது,
வெட்டிய வாயை நாடா ஒட்டி மூடு.
சன்னல் சட்டத்தின் பச்சை வண்ணம், ஈயத்துக்காக.
கொதிகலன் குழாயின் கட்டு.
நிலவறையில் ரேடானுக்கு ஒரு சின்ன டப்பி,
அது ஒரு மாதம் இருட்டில் தூங்கும்.

மூன்றாம் எண் வகுப்பறைத் தரை.
கறுப்பு ஓடு, அடியில் தார்ப்பசை.
"இதை மட்டும் மாற்ற மாட்டேன்," என்றாள் அலெங்கா.
தேய்த்து மெருகேற்றினால்
பியானோ மாதிரி மின்னுமாம்.

மாடிப்படிக்கு அடியில்தான் பார்த்தேன்:
உள்ளங்கை அகல ஓட்டை,
விளிம்பு புதிதாய், வெள்ளையாய்.
மூலையில் ஒரு சம்மட்டி
தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல் சாய்ந்திருந்தது.

"பின்னால் என்ன இருக்கு என்று பார்த்தேன்."
எப்போது?
"ஞாயிறு."
தூள்?
"பெருக்கியாச்சு."
யார்?

கொராஸ்த் சுவரைப் பார்த்தான்.
அலெங்காவின் மார்போடு கட்டிய துணியில்
ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தானா
என்று நான் கேட்கவில்லை.
அவள் கை தானாக எழுந்து
அதன் மூக்கை மூடியது,
ஐந்து நாள் தாமதமாக.

ஒரு தடவைக்கு ஆபத்து மிகக் குறைவு என்றேன்.
உண்மைதான்.
அந்த உண்மைக்கு அவள் முகத்தில்
நிற்க இடமில்லை.

துடைப்பம் எங்கே?
சோளத்தட்டைத் துடைப்பம்,
சிவப்பு நூல் கட்டியது.
ஈரத்துணி சுற்றி, இரட்டைப் பையில் இட்டு,
பதினான்கு என்று எழுதினேன்.
இத்தனை வருடத்தில்
துடைப்பத்துக்கு எண் போட்டது அதுவே முதல்முறை.
முடிவு வரும்வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள்.
தச்சனை நிறுத்துங்கள்.
சொல்லிவிட்டு வண்டியில் உட்கார்ந்து
என் முகக்கவசத்தைக் கழற்ற
கொஞ்ச நேரம் ஆனது.

புதன்கிழமை லுப்லியானாவிலிருந்து தாள் வந்தது.
பதின்மூன்று, ஓட்டை போட்ட பலகை:
ஜிப்சம், மரக்கூழ்.
பதினான்கு: அதே. வேறொன்றும் இல்லை.
அவனுக்கு முன்னால் அவளை அழைத்தேன்.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.
மூச்சு மட்டும்,
உள்ளே போய், வெளியே வந்து.
பிறகு,
"அப்படியானால் என் துடைப்பம்?"
சிரித்துவிட்டேன். அவளும்.
புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

தாளில் இன்னும் பன்னிரண்டு வரி.
மூன்றாவதன் கீழே
நானே சிவப்பில் கோடு போட்டிருந்தேன்.
அலெங்கா, இன்னொன்று, என்று தொடங்கியபோதுதான்
கவனித்தேன்,
அவள் சிரிப்புக்குப் பின்னால், வேறொரு அறையில்,
ஒரு மோட்டார் சீராக இரைந்துகொண்டிருந்தது.

அது என்ன சத்தம், என்று கேட்டேன்.