உள்ளூரில் நான்கு நாள்

மோரேயிலிருந்து ஏழு பேர் வந்தார்கள்.
நாலு ராத்திரி பயணம்.
வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்த
ஒரு பை கறுப்பரிசி.
கிழிந்த முனையில் தலைமுடி ரப்பர் போட்டிருந்தாள்
காசிலிங்கத்தின் பெண்டாட்டி.

எங்கள் வீடு ஒன்றரை அறை, ஒரே கக்கூஸ்.
ஏழும் இரண்டும் ஒன்பது என்று கூட்டிய சேவுகன்
"நாம லாட்ஜுக்குப் போயிருவோம்" என்றார்,
கடன்காரன் வந்தால் பின்வாசல் தேடுகிறவர் மாதிரி.

செல்லூர்க்காரி டவுன்ஹால் ரோட்டில் ரூம் போடுவதா?
இரண்டரை ரூபாய்க்குப் பஸ் ஏறிப் போன தூரம் அது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
இரண்டு சேலையை மடித்து வைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார்.
"செல்லூரா?"
எங்கள் முகத்தைப் பார்த்தார்.
என் கழுத்தைப் பார்த்தார்.
"கல்யாணமாகிப் பத்தொம்பது வருசமாச்சு"
என்றார் சேவுகன், கேட்காமலே.
மரக்கட்டை தொங்கும் சாவி. 207.

நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது.
குழாயடிக்குப் போகிற உடம்பு.
குடமும் இல்லை, வரிசையும் இல்லை.
ஜன்னலில் கேபிள் வயர்களுக்குப் பின்னால்
மேலக்கோபுரம் இருட்டோடு இருட்டாக நின்றது.
இத்தனை பொம்மைகளா அதில்?
எண்ணத் தொடங்கினேன்.
இரண்டாம் நிலையிலேயே
சேவுகனின் குறட்டை கணக்கைக் கெடுத்தது.

தெருமுனையில் பருத்திப்பால்.
ஆளுக்கு ஒரு டம்ளர், பிறகு இன்னொன்று.
"எந்த ஊரும்மா?" என்றாள் பூக்காரி.
"மோரே."
"அது எங்கிட்டு இருக்கு?"
"பர்மா ஓரம்."
"நம்ம பேச்சு நல்லாப் பேசுறியே"
என்று கிள்ளி வைத்த மல்லிகையில்
ஒரு விரல் கூட்டிக் கொடுத்தாள்.
அந்த ஒரு விரல் பூவைத்
திருடியதுபோல் தலையில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் என் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவேன்.
கதவைத் தட்டினால் தோய்பி திறப்பாள்,
ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
"யாரு வேணும்?"
முதல் நாள் நிஜமாகத்தான் கேட்டாள்.
மறுநாளிலிருந்து அது எங்கள் விளையாட்டு.
என் பாயில் என்னை உட்காரவைத்து
என் தட்டில் எனக்கு அத்தோ பரிமாறினார்கள்:
நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம்,
கண்ணில் நீர் வர எலுமிச்சை.
மூலையில் குத்தவைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்
எதிர்வீட்டுக் கோமளம்.
ஒரு குடத் தண்ணீருக்காக
இரண்டு வருஷம் என்னோடு பேசாதவள்.
யார் கூப்பிட்டது, எப்படி வந்தாள்,
நானும் கேட்கவில்லை.
என் பக்கம் பாராமலே
இன்னும் கொஞ்சம் வெங்காயத்தை
என் தட்டுக்குத் தள்ளினாள்.

கடைசி நாள் காசிலிங்கம் கை கழுவியபடி சொன்னான்:
"நாலு ராத்திரியும்
சத்தமே இல்லாமத் தூங்குனோம் மதினி."

எங்கள் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்
ஒரு வேப்பமரம்தான் உண்டு.
விடியுமுன் எட்டு ரயில்.
கூட்ஸ் போனால் தட்டுகள் ஸ்டாண்டில் பல் கடிக்கும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் பெண்டாட்டி தோய்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள்
சீப்பை ஒரு நொடி நிறுத்தினாள்.
பிறகு வாரினாள்.
நான் மோர் ஊற்றினேன்.

ரயிலடியில் பைகளை எண்ணினார்கள்,
பிள்ளைகளை எண்ணினார்கள்,
ஒன்று கூடுதலாக வந்தது, மறுபடி எண்ணினார்கள்.
கோமளம் கொடுத்த வடகப் பொட்டலம் அது.
வண்டி நகர்ந்ததும்
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து
"யாரு வேணும்?" என்று கத்தினாள் தோய்பி.

மூன்றாம் நாள் நாலரைக்குக் குழாயடி.
முன்னால் நின்ற கோமளம்
தன் குடத்தை ஒரு சாண் நகர்த்தி இடம்விட்டாள்.
"போய்ச் சேந்துட்டாங்களா?"
"இல்லக்கா, இன்னும் கவுகாத்தியே வரல."
"ரொம்பத் தூரந்தான்" என்றாள்.
குழாய் இரண்டு முறை இருமியது.
தண்ணீர் வரவில்லை. நின்றோம்.