துடைப்பதற்கு முன்

டெய்ரி ஃபார்ம் குவாரியில்
பாலும் இல்லை, பண்ணையும் இல்லை.
வெடிவைத்துத் தின்ற குன்றில்
மிச்சம் வைத்த கருங்கல் சுவர் ஒன்று.
ஞாயிறுதோறும் அதில் வரிசையில் நின்று ஏறுகிறோம்.

வரிசையைப் பற்றி இந்த ஊருக்குச் சொல்ல வேண்டாம்.
டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்பதுபோல்
கயிற்றை மாட்டிவிட்டுச்
சாப்பிடப் போகிறவர்களும் உண்டு.
இன்று ஒரு பச்சைக் கயிறு
எட்டு மணியிலிருந்து தொங்குகிறது.
பெங் ஹுவாட் மட்டும் அதற்குக்
காலை வணக்கம் சொன்னான்.

வாரநாளில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
ஈசூன் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில்
வடத்தைத் தடவிப் பார்த்துக் கையெழுத்திடுவேன்.
பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதில்லை.
ஒருமுறை எழுதினேன்.
நள்ளிரவில் டாக்சி பிடித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

பாறையிலும் எனக்கொரு கணக்கு:
கீழிருந்து பார்க்கலாம், வழி கேட்கக் கூடாது.
கயிற்றில் உட்கார்ந்தால்
ஏறியதாகச் சொல்லக் கூடாது.
ஊருக்குப் போட்ட சட்டமில்லை இது.
இட்லிக்குப் பொடியா சட்னியா என்பதுபோல
என் நாக்கின் காரியம்.
பாறையில் எதை விட்டுவிட்டு இறங்குகிறோம் என்பது
அப்படியில்லை.
அது அடுத்தவர் தட்டு.

மூன்று ஆண்டாகத் தள்ளிப்போட்ட
இடது ஓரத் தடத்தில் இன்று ஏறினேன்.
ஐந்தாவது போல்ட்டுக்கு மேலே
யாரோ சாக்கால் கோடு போட்டிருந்தார்கள்,
கைக்கு ஒன்று, காலுக்கு இரண்டு,
கார் நிறுத்துமிடம் மாதிரிப் பளிச்சென்று.

கோபம் வந்தது.
இடது கையில் தொங்கியபடி
இடுப்பிலிருந்து பழைய டூத்பிரஷ்ஷை உருவித்
தேய்த்தேன். மாவு என் கண்ணிலேயே விழுந்தது.
"அங்கே என்ன, பல் விளக்குறியா?"
கீழே கயிற்றைப் பிடித்திருந்த ஜுனைதா கத்தினாள்.

கல் மறுபடி கல்லானது.
பிறகு வலக்கையை நீட்டினேன்.
அது நேரே போய்த்
துடைத்த இடத்தில் உட்கார்ந்தது.
தேடவில்லை.
கால்கள் இரண்டும்
கடிதம்போல முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன.

விடைத்தாளைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்ட
யோக்கியன் நான்.

உச்சிச் சங்கிலியில் மாட்டினேன்.
பெங் ஹுவாட் விசிலடித்தான்.
"விழாம, ஒரே மூச்சில!" என்றாள் ஜுனைதா.
இல்லை என்று மேலிருந்து சொல்லியிருக்கலாம்.
மேலிருந்து சொல்வது கஷ்டம்.

இறங்கியதும் ஹுய் வென் வந்தாள்,
பாலிடெக்னிக்கில் படிக்கிற குள்ளப் பெண்.
"அங்கிள், மேலே என் கோடு இன்னும் இருக்கா?
நேற்று மழை வந்து ஓடிட்டேன்.
இன்னிக்கு ஏறிட்டுத் துடைக்கணும்."
கையில் பிரஷ். என்னுடையதைவிடப் புதிது.

"துடைச்சிட்டேன்."
"தேங்க்ஸ் அங்கிள்."
"படிச்சிட்டுத்தான் துடைச்சேன்."
ஜுனைதா திரும்பிப் பார்த்தாள்.
ஹுய் வென் என் உயரத்தை ஒருமுறை அளந்துவிட்டுச் சிரித்தாள்.
"காலுக்குப் போட்டது உங்களுக்கு
ரொம்பக் கிட்டே இருந்திருக்குமே."
இருந்தது. முழங்கால் முகவாயில் இடித்தது.
வேறிடம் இருக்கிறதா என்று
நான் பார்க்கவே இல்லை.

பச்சைக் கயிற்றுக்காரர்
பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.
காலையில் இவருக்கென்று
நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தேன்.
அவற்றில் பாதி
ஐந்தாவது போல்ட்டுக்கு மேலே போய்விட்டன.

மிச்சமிருந்த குரலில்
கயிற்றை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.
எடுத்தார்.