காற்றெடுத்தல்

பின்னேர வேலை முடிந்து
பாஷையூருக்கு நான் வந்து சேர ஏழரை.
குசினிப் பின்பக்கம் முளைகட்டிய பார்லி அவிந்த மணம்.
மூன்று கிடாரம், இரண்டு காஸ் அடுப்பு,
நடுவில், வாங்குப் பலகையில்
பிள்ளைபோல ஏற்றி இருத்திய புதுப் பம்ப்.

பொஸ்கோ அதன் முன் குந்தியிருக்கிறார்.
சுவிற்சைப் போடுகிறார். உறுமுகிறது.
நிற்பாட்டுகிறார். போடுகிறார். உறுமுகிறது.
ரியூப்பில் ஒரு விரற்கடை ஏறிய பியர்த்தண்ணீர்
யோசித்துவிட்டுத் திரும்பி இறங்குகிறது.

"கஸ்தூரியார் வீதிக்காரன் ஏமாத்திப்போட்டான்."

போன மார்கழியில் இவர்
இருபத்தைந்து லீற்றரைக் கையால் தூக்கி ஊற்றி
முழங்கை வரை வெந்து
பத்து நாள் நான்தான் மருந்து கட்டினேன்.
அந்தத் தழும்பு வாங்கித் தந்த பம்ப் இது.

செருப்பைக் கழற்றாமலே காது கொடுத்தேன்.
இந்த உறுமல் எனக்குத் தெரியும்.
"காத்து நிக்குது."

நாளுக்கு எட்டுப் பேரின் இரத்தத்தை
வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறவள் நான்.
ஊசி ஏற்றுமுன் குழாய் முழுக்க உப்புநீர் ஓடவேண்டும்,
விரலால் சுண்டிச் சுண்டிக்
கடைசிக் குமிழியையும் துரத்தவேண்டும்.
ஒரு குமிழி தப்பினாலும் மிசின் கத்தும்.
இந்தப் பம்புக்குக் கத்தத் தெரியாது.
உள்ளே சில்லு, தள்ள ஒன்றுமில்லாமல்,
காற்றில் சும்மா சுற்றுகிறது.

"பம்பைக் கீழ வையுங்கோப்பா."
"கீழ ஊத்தை."
"கழுவலாம். கிடாரத்துக்குக் கீழ இருந்தாத்தான்
தண்ணி தானா வந்து நிறையும்.
இதுக்கு இழுக்கத் தெரியாது. தள்ளத்தான் தெரியும்."
உங்களைப்போல என்று சொல்ல வந்து
விட்டுவிட்டேன்.

நீர்வேலியில் அத்தான் வாழைக்கு இறைக்கும் மிசினுக்கும்
நாலு செம்பு தண்ணீர் வார்த்துத்தான் கயிறிழுப்பார்.
அது மிசினாம். இது பம்பாம். வேறையாம்.

தரையில் வைத்தோம். வெளிவாயைத் திறந்துவிட்டேன்.
ரியூப்பைத் தூக்கி, சுண்டி, தாழ்த்தி
ப்ளக், ப்ளக், பிறகு ஒரு நீண்ட ஏப்பம்.
போட்டார். உறுமல் இல்லை.
கலங்கலாய் ஏறி, வளைந்து,
அடுத்த கிடாரத்தின் விளிம்பில் தலை நீட்டி
விழுந்தது.

வேகம் கூடிவிட்டது, நுரை. இவர் பதறி
உள்வாய்த் திறப்பைத் திருகப்போனார். கையைப் பிடித்தேன்.
"வாற பக்கத்தை நெரிச்சா மூச்சு முட்டும்.
போற பக்கத்தை நெரியுங்கோ."
"நிமிசத்துக்கு மூண்டு லீற்றர்!" என்றார் இவர்.
எனக்கு மூன்றாம் கட்டில் அருளப்பு ஞாபகம்.

நாளுக்கு அரை லீற்றர்தான் அவருக்கு,
தண்ணீர், தேத்தண்ணீர், சொதி எல்லாம் சேர்த்து.
போத்தலில் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.
சுற்றும் சில்லைப் பார்த்தபடி நாலு மணித்தியாலம் கிடந்து
"மிஸ், உங்கட வீட்டுச் சாமான் எப்பிடி?" என்பார்.
நிறம் மட்டும் சொல்வேன்.
போனமுறை, வெளுத்த தேன் என்றேன்.
கண்ணை மூடி ஒருதரம் வாயைச் சப்பினார்.
அன்றைய திரவக் கணக்கில் அதை எழுதவில்லை.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
ரியூப்பின் நடுவில் கொஞ்சம்
முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது.
வாட்டில் என்றால் கைப்பிடியை விரித்து
நானே சுற்றியிருப்பேன்.
இங்கே ஃபோன் வெளிச்சத்தில் குந்தியிருந்தோம்.
கடலுக்குப் போகும் வள்ளமொன்றின் எஞ்சின்
இரண்டுதரம் விக்கி, பிறகு பிடித்துக்கொண்டது.

கரண்ட் வந்தது. பம்ப் உறுமியது.
நான் வாய் திறக்கவில்லை.
இவரே ரியூப்பைத் தூக்கிச் சுண்டினார்.

காலையில் நாலு ஆணி கழற்றித் தலையைத் திறந்தால்
சில்லில் ஒட்டியபடி ஓர் உமி.
ஆஸ்பத்திரியில் எறிகிற மாதிரிக் குழாயை
சுடுநீரில் கழுவிக் கொடியில் போட்டேன்,
என் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில்.
இரண்டும் சொட்டின.

மதிலுக்கு மேலால் பிலோமினா மாமி:
"என்ன பிள்ளை, வீட்டிலயும் ஆஸ்பத்திரியோ?"
"ஓம் மாமி."

நாளை செவ்வாய். அருளப்புவின் முறை.
இந்தத் தடவை பனங்கட்டி சேர்த்திருக்கிறோம்,
தெளிந்து நிறம் காட்ட மூன்று கிழமை செல்லும்.
அதுவரை ஏதாவது பொய்தான் சொல்லவேண்டும்.